வாளும் வாளியும்

கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் கல்விச் சுற்றுலாப் பட்டியலில் மெர்போக் அருங்காட்சியகத்திற்கு ஓரிடம் உண்டு. குனோங் ஜெராய் மலையின் தென்புறச் சரிவில், ஓடைக்கரையில், கல் அடித்தளமாக நிற்கும் புக்கிட் பத்து பாகாட் கோயிலின் முன்னே பிள்ளைகள் வரிசையாக நிறுத்தப்படுகின்றனர். படம் எடுக்கப்படுகிறது. "இராசேந்திர சோழன் வென்ற கடாரம் இதுவே" என்று ஆசிரியர் ஒருவர் இரண்டு வாக்கியம் மொழிகிறார். நண்பகலுக்குள் பேருந்து நீர் விளையாட்டுப் பூங்காவை நோக்கிப் புறப்பட்டு விடுகிறது.

இந்தக் கல் அடித்தளம் போதாது என்பார் உளர். அவர்கள் காட்டும் மேற்கோள் ஜப்பான். "ஜப்பானியரைப் பாருங்கள், தம் பண்டைய வீரர்களை உயிரோடு எழுப்பித் தெருவில் நடமாட விட்டிருக்கிறார்கள். கடாரத்தில் சோழர் படைவீடு ஒன்றை எழுப்பி, வாளேந்திய வீரரை உலவ விட்டால் உலகமே வந்து காணாதா?" என்று மேடைகளில் வினவுகின்றனர். கைதட்டல் எழுகிறது. கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டினை 2025 இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் பெருவிழாவாகக் கொண்டாடிய பின்னர், அவ்வினாவுக்கு வலிமை கூடியும் இருக்கிறது. ஆனால், பின்பற்ற விரும்பும் ஒன்றினை முதலில் முழுமையாகக் காண வேண்டாமா?

தோக்கியோவுக்கு வடக்கே, தொச்சிகி மாவட்டத்தில், நிக்கோ எடோமுரா என்னும் வரலாற்றுப் பூங்கா 1986 இல் திறக்கப்பட்டது. 1603 முதல் 1868 வரை தொக்குகாவா ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்து ஊர் ஒன்று அங்கே அப்படியே எழுப்பப்பட்டுள்ளது. வாயிலைக் கடந்தவுடன் வழிப்போக்கர் தங்கும் ஊரும், வணிகர் தெருவும், சாமுராய் மாளிகையும், நிஞ்ஜா ஒற்றர் வாழிடமும் வருகின்றன. பணியாளர் அனைவரும் அக்கால உடையில், அக்கால நடையில் உலவுகின்றனர். வாடகைக்கு உடை வாங்கிப் பார்வையாளனும் அரை நாள் சாமுராய் ஆகலாம். வட தீவாகிய ஹொக்கைடோவில், தாத்தே குலத்தின் பெயரால் நொபொரிபெத்சு நகரில் இதுபோன்ற மற்றொன்று 1992 இல் தோன்றியது. கியோத்தோவிலோ, தோயே திரைப்பட நிறுவனம் தன் படப்பிடிப்புத் தெருக்களையே 1975 இல் மக்களுக்குத் திறந்து விட்டது. வாள் சண்டைப் படங்களின் வருவாய் குறைந்த காலத்தில் கண்ட வழி அது.

இவற்றில் கற்றுக்கொள்ளத் தக்கது இல்லை என்று சொல்லுவது பொறாமை. ஏட்டில் நான்கு பக்கம் படித்து மறக்கும் பிள்ளை, மரச் செருப்பின் ஒலியைத் தெருவில் கேட்டால் மறவாது. காகிதக் கதவு, பாய் விரித்த தளம், கூரையின் சரிவு ஆகியவற்றைத் தொட்டும் மிதித்தும் அறிவது கல்விதான். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் இதனை மறுக்க மாட்டார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எடோ காலத்து ஜப்பானில் சாமுராய் குடியினர் நூற்றுக்கு ஆறேழு பேரே. எண்பதுக்கு மேற்பட்டோர் உழவர். சாமுராயின் ஊதியம் பொன்னால் அன்று, 'கொக்கு' என்னும் அரிசி அளவையால் கணக்கிடப்பட்டது. ஒரு கொக்கு என்பது ஏறத்தாழ 180 லிட்டர். ஓர் ஆளின் ஓராண்டு உணவு. அந்த அரிசியை விளைவித்தவன் தன் விளைச்சலில் பாதியளவை வரியாகக் கொடுத்துவிட்டுத் தினையும் கூலவகையும் உண்டான். 1780களில் வந்த தென்மேய் பஞ்சத்தில் வட ஜப்பானின் ஊர்கள் மாண்டன. பூங்காவின் வண்ணத் தெருவில் இப்பஞ்சத்திற்குக் காட்சி நேரம் ஒதுக்கப்படுவதில்லை. அங்கே மிகுதியாக உலவுவோர் நூற்றில் ஆறு பேர். அரங்கிற்கு வெளியே நிற்பவர் எண்பது பேர். வாடகைக்கு உடை எடுப்பவன் சாமுராய் உடையைத்தான் நாடுகிறான். உழவனின் கிழிந்த பருத்தியை நாடுபவன் அரியன். இன்னொன்றும் நினைக்கத் தக்கது. சாமுராய் பொது இடத்தில் வாள் அணிவதை 1876 இல் தடை செய்தது ஜப்பானிய அரசே. வாழ்வில் இருந்து ஒழித்ததைத்தான் பின்னர் வேடிக்கையாக எழுப்பினார்கள்.

கெடாத் தமிழருக்கு அந்த வாள் வேடிக்கை அன்று. பழைய சாமுராய் வாளின் வடிவை ஒட்டி 1934 இல் வகுக்கப்பட்ட வாளையே ஜப்பானியத் தரைப்படை அதிகாரிகள் இடையில் கட்டி வந்தனர். 1941 டிசம்பர் 8 இல் சுங்கைப் பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது. 11 முதல் 13 வரை ஜித்ராவில் போர் நடந்தது. அடுத்த இரண்டு நாட்களில் குரூணும் வீழ்ந்தது. வெள்ளைத் துரைமார் இரவோடு இரவாகத் தெற்கே ஓட, வேலையும் அரிசியும் இன்றித் தோட்டத்து மக்கள் நின்றனர். ஜித்ராப் போரின்பின் சரணடைந்த மோகன் சிங், அலோர் ஸ்டாரில் ஜப்பானிய அதிகாரி புஜிவாராவோடு பேசியதிலிருந்தே இந்திய தேசிய இராணுவம் முளைத்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. தோட்டத்து இளைஞரும் பெண்டிரும் அதில் சேர்ந்தது நாட்டுப்பற்றினால்தான். ஆயினும், அதே வாளின் கீழ்தான் சயாம் பாதையும் போடப்பட்டது. பான்போங் தொடங்கித் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர்; 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். முதலில் நல்ல கூலி என்று ஆசை காட்டினர். பின்னர் தோட்டம் தோட்டமாக வந்து ஆட்களைப் பிடித்துச் சென்றனர். மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டோருள் பெரும்பாலோர் தமிழர். காலராவும் பட்டினியும் அடியும் கொன்றவர் தொகையை எவரும் சரியாக எண்ணவில்லை. மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் ஒழுங்காக நிற்கின்றன. தமிழனுக்கு அங்கே அவ்வாறு பெயர் பொறித்த கல் இல்லை. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள்தாம் அவனுக்குக் கல். இவ்விரு நூல்களையும் படியாமல் சாமுராய் பூங்காவை வியப்பவன் பாதி அறிந்தவன்.

இனிக் கடாரத்திற்கு வருவோர் தமக்குச் சொல்ல வேண்டுவது. 1025 இல் இராசேந்திரன் கலஞ்செலுத்தியதும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனைப் பிடித்ததும் தஞ்சைக் கல்வெட்டால் உறுதியாவன. பெருமைப்படுவார் பெருமைப்படுக. ஆயின் அது ஒரு படையெடுப்பு, குடியேற்றம் அன்று. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடுத்தான். 1090 அளவில் கடாரத்துத் தூதர் வேண்டுகோளால் முதற் குலோத்துங்கன் அதே பள்ளிக்கு வரி நீக்கம் அளித்தான். ஆனைமங்கலச் செப்பேடுகள் இவற்றைப் பேசுகின்றன. சங்க நூலாகிய பட்டினப்பாலையில் காழகம் வருவதும் வாணிபப் பொருளின் பெயரோடுதான், வாளோடு அன்று. கெடாவின் தென் எல்லையை அடுத்த நிலத்தில் 1834 இல் கிடைத்த புத்தகுப்தன் கல், ஐந்தாம் நூற்றாண்டு மாலுமி ஒருவன் கடற்பயணம் நலமுற வேண்டியது. பூஜாங் பள்ளத்தாக்கில் 1936–37 இல் குவாரிட்ச் வேல்ஸ் இணையர் அகழ்ந்து எண்ணிட்ட கோயில்களும், 1960 இல் அலெஸ்டர் லாம்ப் மீளக் கட்டிய புக்கிட் பத்து பாகாட் கோயிலும் சோழன் நாட்டிய வெற்றித் தூண்கள் அல்ல. காற்றுக்குக் காத்திருந்த வணிகரும், உள்ளூர் மக்களும், இரும்பு உருக்கியவரும், பௌத்தரும், சைவரும் கலந்து வாழ்ந்த துறைமுகத்தின் எச்சங்கள் அவை. அத்தனை நூற்றாண்டுப் பண்டமாற்றினை ஓராண்டுப் படையெடுப்பாகச் சுருக்கி, அட்டைக் கவசம் அணிந்தவனைப் படியில் நிறுத்துவது வரலாற்றுக்கும் இழுக்கு. மலாய் அண்டை வீட்டாரின் முன் தமிழனை வென்றவனாக வேடம் கட்டுவது அறிவும் அன்று.

கெடாவில் இன்று தமிழ் படிக்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோரின் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான்? கடல்புறாவில் வரவில்லை. கங்காணியின் கைச்சீட்டோடு சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்கில் இறங்கினான். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரைச் சொன்னால் முதியோர் முகம் மாறும். மேல்தட்டில் கட்டிய கயிற்றுக்குள் ஆடும் மாடும் பக்கத்தில் நிற்க வந்தவர்கள் அவர்கள். ஜெரஜாக் தீவில் தடுப்புக் காவலில் கிடந்து, பின்னர் லயத்து அறைக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தப் பாட்டனுக்கு எந்த ஊரில் சிலை இருக்கிறது?

அவனும் அவளும் செய்த தொழிலை ஒரு முறையாவது பிள்ளை காண வேண்டும். விடியலுக்கு முன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். பதில் சொல்லாதவருக்கு அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்கினால் நாளொன்றுக்கு நானூறு ஐந்நூறு மரம். முந்திய வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் இட்டு, பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாக எடுத்து, மங்கைத் துடைத்து வைத்து அடுத்த மரத்திற்கு நடக்க வேண்டும். சீவல் குறைந்தால் பால் வராது. ஓர் இம்மி ஆழ்ந்தால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். தண்டலின் வசவும் வரும். இருட்டில், கொசுக்கடியில், ஒவ்வொரு மரத்திலும் அந்த இம்மியைத் தவறாமல் காத்த கை என்ன கை! வாள் வீச்சில் அதனினும் நுட்பம் இருக்கக் கூடும் என்று நம்புவதற்கு, வெட்டைக் கிட்ட நின்று பாராதிருக்க வேண்டும். வெயில் ஏறியதும் பாலெடுத்து, வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றி ஸ்டோருக்கு நடப்பார்கள். அங்கே நிறுவை, பாலில் நீர் கழித்துத் தேறுவது மூன்றில் ஒரு பங்களவே. மழை வந்து மங்கு நிறைந்தால் அன்றைய உழைப்பு முழுதும் வெள்ளையாக மண்ணில் ஓடும். ஆயாக்கொட்டகையில் தொட்டிலில் விட்ட குழந்தையின் நினைவு தாய்மார்க்கு நிரை முழுதும் உடன் வரும்.

அடங்கிக் கிடந்தார்கள் என்று மட்டும் எவரும் எண்ணிவிட வேண்டா. பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படையை எழுப்பியது போருக்குப் பிந்திய ஆண்டுகளில். சீருடை உண்டு, அணிவகுப்பு உண்டு, கையில் கம்பு உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடையின் முன் மறியல் செய்தார்கள். கள்ளுக்கடைக்கு உரிமம் தந்ததோ அரசு. கூலியாகக் கொடுத்த காசு மாலையில் கடை வழியாகத் திரும்பியது. 1947 இல் கெடாத் தோட்டங்களில் போலீசாரோடு மோதலும், துப்பாக்கிச் சூடும், உயிரிழப்பும் நேர்ந்தன. வீர வரலாறு வேண்டுமெனில் இது இருக்கிறது. கவசம் தைக்க வேண்டுவதில்லை. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்வெட்டுக்காரர் தவணை தவணையாகப் பங்குப் பணம் கட்டினர். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமாகிய புக்கிட் சிடிம் கெடாவில்தான் உள்ளது. கடாரங்கொண்டான் என்னும் பட்டத்தைப் பாடமாக ஒப்பிக்கும் ஆறாம் ஆண்டு மாணவனிடம், கூலிகள் கூடித் துரையின் தோட்டத்தை விலைக்கு வாங்கிய செய்தி சொல்லப்பட்டதா?

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது பெற்றோருடையது. "வாளியிலிருந்து மீள்வதற்கே பிள்ளையைப் படிக்க வைத்தோம், மறுபடியும் அதை ஏன் காட்டுகிறீர்கள்?" என்பர். இக்கேள்வியில் வடு இருக்கிறது. எள்ளத் தக்கது அன்று. ஆனால், அலோர் ஸ்டார் அருகே குனோங் கெரியாங் அடிவாரத்தில் 2004 இல் திறக்கப்பட்ட நெல் அருங்காட்சியகத்தை அவர்கள் ஒரு முறை காணட்டும். சேற்றில் நின்ற மலாய் உழவனின் ஏரும் அரிவாளும் நெற்கூடையும் அங்கே அரசு மாளிகையில் வைக்கப்பட்டுள்ளன. சுவர் ஓவியம் தீட்ட வட கொரிய ஓவியரையே வரவழைத்தார்கள். அவ்வுழவனின் மக்கள் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆன பின்னும் அதற்கு நாணவில்லை. பால்மரத் தொழிலாளிக்கு இதற்கு இணையான மாளிகை கெடாவில் எழவில்லை. நாணம் வாளியில் இல்லை. வாளியைப் பேச மறுத்த வாயில்தான் அது பிறந்து வளர்ந்தது.

இரண்டாவது மறுப்பு வலியது. துன்பத்தை நுழைவுச் சீட்டுக்கு விற்பதா? லயத்து அறையில் கூலி வேடம் போட்டவனைச் சுற்றுலாப் பயணி படம் பிடிப்பதா? கூடாதுதான். நிக்கோவின் வழியை அப்படியே பெயர்த்தால் வந்து சேர்வது இதுவே. சோழ வேடத்திற்கு மாற்றாகக் கூலி வேடம் கட்டுவது தீர்வாகாது. ஆனால் பாதை அது ஒன்றன்று. அதே ஜப்பானில் இனுயாமா நகரத்தருகே மெய்ஜி முரா 1965 முதல் இருக்கிறது. இடிக்கப்படவிருந்த உண்மைக் கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய இடம் அது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு மாளிகையோடு நெசவாளி, குயவர், உழவர் வீடுகளும் நிற்கின்றன. இன்னும் நெருங்கிய சான்று இலங்கையில் உண்டு. கம்பளைப் பகுதியில், பழைய பீக்கொக் தோட்டத்தில், நூறாண்டு கடந்த லயத்து வரிசையையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 இல் ஆக்கினார்கள். அரசு செய்யவில்லை, தொழிலாளர் நலனுக்கு உழைத்த நிறுவனம் ஒன்று செய்தது. வேடமிட்டவர் எவரும் அங்கே தேவைப்படவில்லை. அறையின் அளவே பேசுகிறது. மலையகத் தமிழருக்கு இயன்றது கெடாத் தமிழருக்கு ஏன் இயலாது?

அவ்வாறு ஓரிடம் கெடாவில் அமையுமாயின் அதில் அழகு மட்டும் இருத்தல் ஆகாது. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் இருக்கும் இடத்தில் கள்ளுக்கடைப் பலகையும் இருக்க வேண்டும். சாதி பார்த்துப் பிரித்த லயமும், கங்காணியின் கடன் ஏடும் இருக்க வேண்டும். ஜப்பானியர் உழவனை மறைத்தனர் என்று குறை கூறியவர், தம் வீட்டில் எதையும் மறைக்க உரிமை அற்றவர். வழிகாட்டியாக நிற்க வேண்டியவர், முப்பது ஆண்டு நிரையில் நடந்த மூதாட்டி. அவருக்கு அதற்கான ஊதியமும் நாற்காலியும் தரப்பட வேண்டும். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' போன்ற தோட்டத்து நாவல்கள் அங்கே விற்பனைக்கும் படிப்புக்கும் கிடைக்க வேண்டும்.

காலம் மிகக் குறைவு. லயங்கள் இடிந்து செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. பெரட்டில் பேர் கேட்ட தலைமுறை எண்பதைத் தாண்டி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. 1957 இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டா. குவாரிட்ச் வேல்ஸ் பதினொன்று என எண்ணிட்ட கோயிலின் அடித்தளம் சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் இருந்தது. அந்நிலம் வீடமைப்புக்குக் கைமாறியது. கோயில் இயந்திரத்தால் தகர்க்கப்பட்ட செய்தி 2013 இன் இறுதியில்தான் நாட்டுக்குத் தெரிந்தது. ஆயிரம் ஆண்டு நின்ற கல்லுக்கே அந்த முடிவு எனின், பலகைச் சுவரும் தகரக் கூரையுமான லயத்திற்கு யார் காவல்?

மாளிகை எழும்வரை பள்ளி வாளா இருக்க வேண்டுவதில்லை. கெடாவில் பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தைவிட்டு நகர்ந்த பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. 'ஹார்வார்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று பயிற்றேட்டின் மேல் எழுதும் பிள்ளையிடம், அந்த நான்கு எழுத்துத் 'தோட்டம்' எதைக் குறிக்கிறது என்று தமிழாசிரியர் ஒரு பாடவேளை கேட்டால் போதும், தொடக்கம் ஆகிவிடும். நிரை, மங்கு, காண்டா, பெரட்டு, ஒட்டுப்பால், தண்டல் என்னும் சொற்களை மாணாக்கர் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வரட்டும். பள்ளி நூலகத்தில் அது ஒரு கையெழுத்து நூலாக இருக்கட்டும். மெர்போக் செல்லும் பேருந்து வழக்கம்போல் செல்லட்டும். கோயில் படியில் படமும் எடுக்கட்டும். நண்பகலில் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குத் திரும்பாமல், இன்னும் மரம் நிற்கும் ஏதேனும் ஒரு சிறு தோப்பில் இறங்கி, வெட்டத் தெரிந்த ஒருவர் பிள்ளைகளின் முன் ஒரு மரத்தில் ஒரு சீவல் எடுத்துக் காட்டட்டும். மெர்போக்கிலிருந்து பீடோங்கிற்கு அரை மணி நேரமும் ஆகாது.